இறங்குவழிக்குப் பதினெட்டு விநாடி

புதிய சிக்னல் திட்டம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் மாலை, அக்கா காலணியைக் கழற்றாமலேயே வீட்டுக்குள் வந்தாள். சமையலறையில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த அத்தான் அவள் பாதங்களைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டார். அக்கா காலணியோடு வந்தால் அன்றைக்கு யாருக்கோ அர்ச்சனை நிச்சயம்.

"பெயிண்ட் கடை சிக்னல்ல இன்னிக்குக் காலையில எவ்ளோ நேரம் நிக்க வெச்சான் தெரியுமா? ரெண்டு நிமிஷம்! முன்னாடி ரோடு காலியாக் கெடக்கு. ஒரு ஈ காக்கா இல்ல. நான் அறுபது பேர ஏத்திக்கிட்டு செவப்பப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"ரிப்பேரா இருக்கும்," என்றார் அத்தான்.

"ரிப்பேரும் இல்ல ஒண்ணும் இல்ல. வேணும்னே பண்றான். மூணு நாளா அதே எடம், அதே நேரம். எவனோ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, பஸ்ஸுல ஏறியே பாக்காதவன், கணக்குப் போட்டு வெச்சிருக்கான். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்." மீதியை விழுங்கிவிட்டு மேசையில் இருந்த தம்பியின் பக்கம் திரும்பினாள். "உங்க ஆபீஸ்தானடா? யாரு அது?"

தம்பி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் அவன் வலது கால் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. மேசையில் கரண்டிகள் லேசாகக் கிணுகிணுத்தன.

"விசாரிக்கிறேன்க்கா," என்றான்.

விசாரிக்க ஒன்றுமில்லை. அந்த ஏசி அறைக்காரன் அவன்தான்.

அவனுக்கு முப்பத்துநாலு வயது. போக்குவரத்து சிக்னல் பிரிவில் பொறியாளர். அறை கிடைக்கும்வரை இரண்டு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. ஓர் இடத்தில் உட்கார மாட்டான் என்பதால் அலுவலகத்தில் அவனுக்குத் 'துறுதுறு' என்று பெயர். அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். பதினாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அத்தான் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டுவதால் வீட்டில் தன் வாயைத் திறப்பதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அது முழுப்பொய்.

திட்டம் பிறந்த கதை இது. நகரத்தைச் சுற்றிப் போகும் விரைவுச்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் வழி ஒன்று உண்டு. காலை நேரத்தில் அந்த இறங்குவழி நிரம்பி, வண்டிகளின் வால் விரைவுச்சாலை வரை நீண்டுவிடும். அங்கே நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு, வளைவு திரும்பியதும் முன்னால் நிற்கிற வண்டிகள்தான் தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு சலவைக்கடை வேன் அப்படித்தான் வந்து மோதியது. தம்பி அப்போது கட்டுப்பாட்டு அறையில், அந்தக் கேமராத் திரையின் முன்னால்தான் இருந்தான். திரையில் சத்தம் கிடையாது. வேனின் பின்கதவு திறந்துகொண்டு, ஓட்டல்களுக்குப் போகவேண்டிய வெள்ளைப் படுக்கை விரிப்புகள் ஈரச்சாலையெங்கும் பரவியதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். வேன் ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார், ஒரு கால் போயிற்று. அதற்கு முன்பும் தம்பியின் கால் ஆடும். அதன்பின் தூக்கத்திலும் ஆடியது.

ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டான். இறங்குவழியில் மூன்று சென்சார்கள்: கீழே ஒன்று, நடுவில் ஒன்று, விரைவுச்சாலையை ஒட்டி மேலே ஒன்று. வண்டி வரிசை மூன்றாவது சென்சாரைத் தொட்டால் ஆபத்து. அதனால் அது நடுச் சென்சாரைத் தொட்டதுமே, கீழே இருக்கும் சந்திப்பில் இறங்குவழிக்குப் பதினெட்டு விநாடி கூடுதலாகப் பச்சை விழும். ஆனால் பச்சை மட்டும் கொடுத்தால் போதாது, இறங்கி வருகிறவர்களுக்கு நகரச் சாலையில் இடம் வேண்டுமே. அதற்காக நகரச் சாலையில் வருகிறவர்களை ஒரு சிக்னல் முன்னதாகவே, அதாவது பெயிண்ட் கடைக்கு எதிரில், கொஞ்ச நேரம் பிடித்து வைக்க வேண்டும்.

அந்தப் பிடித்து வைக்கப்படுகிறவர்களில் பதினேழாம் எண் பேருந்தும் ஒன்று. அதை ஓட்டுவது அக்கா. அது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். வேலை வேறு, வீடு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் பயம்தான். அக்காவிடம் சொன்னால் திட்டம் தாளில் இருக்கும்போதே அவள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள் என்ற பயம்.

பிரிவின் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். பதினைந்து வேலைநாள் சோதனைக்கு அவர் ஒப்புதல் கொடுத்திருந்தார். "வரிசை குறையணும். குறையலைன்னா பதினாறாம் நாள் பழைய சிக்னலுக்குப் போயிடுவோம். அதுக்கப்புறம் அழக்கூடாது," என்று சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

வரிசை குறைந்தது, ஆனால் அவன் போட்ட கணக்குப்படி குறையவில்லை. அதுதான் அவனைப் போட்டு வாட்டியது. சில சுற்றுகளில் இறங்குவழிக்குப் பச்சை விழுந்ததும் இருபது இருபத்திரண்டு வண்டிகள் மடமடவென்று இறங்கிப் போகும். அடுத்த சில சுற்றுகளில் அதே பச்சைக்கு ஏழு வண்டிதான் நகரும். மற்றவை நின்ற இடத்திலேயே பிரேக் விளக்கை எரித்துக்கொண்டு நிற்கும். பச்சை எரிகிறது, வண்டி போகவில்லை. இது என்ன கூத்து? சென்சார்களைச் சோதித்தான், ஒழுங்காக இருந்தன. நேரக் கணக்கை மூன்று தடவை போட்டான், சரியாக வந்தது. இரண்டு காலைகள் நேரில் போய் நின்றான். போனவன் எங்கே நின்றான்? இறங்குவழியின் மேலே, மூன்றாவது சென்சாருக்குப் பக்கத்தில், தடுப்புச் சுவருக்கு அந்தப் புறம். அவன் கண் எப்போதும் வரிசையின் வாலில்தான் இருந்தது. தலை எங்கே முட்டிக்கொள்கிறது என்று அவன் பார்க்கவில்லை. கேமராவும் அதைக் காட்டவில்லை. சந்திப்பைத் தாண்டிய நாற்பது ஐம்பது மீட்டரை இறங்குவழியின் பெரிய தூண் ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்கு அர்ச்சனை நடந்தது. ஐந்தாம் நாள், அந்தச் சிக்னல்காரனுக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்றாள் அக்கா. ஆறாம் நாள், இருந்தாலும் அவர்கள் அவனோடு பேசமாட்டார்கள் என்றாள். அத்தான் சிரித்தார். தம்பியும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்த வாயில் சூப் சுட்டது. "விசாரிச்சியாடா?" என்று கேட்டபோதெல்லாம், "இன்னும் தெரியலக்கா," என்றான். ஒரு பொய்யை நிறுத்தி வைக்க எத்தனை பொய்களை முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

எட்டாம் நாள் அக்கா காலணியை வாசலில் கழற்றி, ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அத்தான் அடுப்பை அணைத்தேவிட்டார்.

அவள் கையில் டிப்போவிலிருந்து வந்த மெமோ இருந்தது. தொடர்ந்து ஆறு நாள் தாமதம், விளக்கம் தேவை. பதினாறு வருடத்தில் அவள் வாங்கும் முதல் மெமோ.

"இன்னிக்கு ஆஸ்பத்திரில துப்புரவு வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க அழுதுட்டாங்கடா," என்றாள். குரல் ஏறவே இல்லை. "மூணு நாளா லேட்டாம். அவங்க மேலதிகாரி அரைநாள் லீவு போட்டுட்டாராம். 'உன்ன நம்பித்தானம்மா கெளம்புறேன்'னு சொன்னாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

மெமோவை மடித்துத் தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பேப்பர் எடு. நீதான் நல்லா எழுதுவ. ஒரு புகார் எழுதணும். நேரா உங்க ஆபீசுக்கு."

தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் எழுந்துபோய்த் தாளை எடுத்து வந்தான். வேறென்ன செய்வது?

"'ஐயா'ன்னு ஆரம்பி. இல்ல, வேணாம், அவனுக்கு எதுக்கு ஐயா? 'சிக்னல் போட்டவருக்கு'ன்னு எழுது."

எழுதினான்.

"'அறிவுகெட்டத்தனமா'ன்னு ஒரு வார்த்தை எங்கயாவது வரணும்."

"ஆபீஸ் கடிதத்துல அதெல்லாம் வராதுக்கா."

"சரி, அதே அர்த்தம் வர்ற மாதிரி வேற போடு."

அவன் யோசித்து, 'போதிய கள ஆய்வு இன்றி' என்று போட்டான். எழுதிய பிறகு படித்துப் பார்த்தால், அறிவுகெட்டத்தனம் எவ்வளவோ தேவலை என்று இருந்தது.

அக்கா அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்லிக்கொண்டே போனாள். "பெயிண்ட் கடைகிட்ட நிக்க வெக்கிறான். தெறந்து விட்டதும் எல்லாரும் ஒண்ணா ஓடுறோம். எறங்குவழிச் சந்திப்பத் தாண்டுறேன், தாண்டினதும் ஆஸ்பத்திரி ஸ்டாப். நான் கதவத் தெறக்கிறேன். சொல்லி வெச்ச மாதிரி அந்த நேரம் பாத்து எறங்குவழிக்காரனுக்குப் பச்சை விழுது. அத்தன பேரும் வந்து என் முதுகுல முட்டிக்கிட்டு ஹாரன் அடிக்கிறாங்க. நான் என்ன பண்ணுவேன்? எறங்குறவங்கள்லாம் நோயாளிங்க. வெரட்டியா எறக்க முடியும்?"

பேனா நின்றுவிட்டது.

"ஆடுற கால் ஏன் நின்னுபோச்சு?" என்றார் அத்தான், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து.

"அக்கா, இது எப்பவாவதா, தினமுமா?"

"தினமும். ஒவ்வொரு டிரிப்பும். முன்னாடியெல்லாம் என்னிக்காவது ஒருநாள் அப்படி மாட்டுவேன். இந்தப் புதுசு வந்ததுலேருந்து ஒருநாள்கூடத் தப்பல. நான் கதவத் தெறக்கணும், அவனுக்குப் பச்சை விழணும்."

தம்பிக்குப் புரிந்துவிட்டது. பெயிண்ட் கடைச் சிக்னலில் பேருந்தைப் பிடித்து வைத்து, அதைத் துல்லியமாக இறங்குவழியின் பச்சைக்கு முந்தைய நொடியில் நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அவன் திட்டமேதான். அக்காவின் பேருந்து அவன் பச்சையை அடைத்துக்கொண்டிருந்தது. அடைக்கும்படி அதை அங்கே அனுப்பிவைத்தது அவன். அவன் தூக்கத்தைக் கெடுத்த ஏழு வண்டிச் சுற்றுகளெல்லாம் பதினேழாம் எண் வந்த சுற்றுகள்.

"அக்கா," என்றான். "அது நான்தான்."

"எது?"

"அந்த சிக்னல். நான்தான் போட்டேன்."

அத்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளினார், தப்பி ஓட வழி பார்ப்பதுபோல. அக்கா நடப்பதை நிறுத்தினாள். தம்பி சலவை வேனைப் பற்றிச் சொன்னான், மூன்றாவது சென்சாரைப் பற்றிச் சொன்னான். வாக்கியங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.  அவன் முடித்ததும் அக்கா தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"'போதிய கள ஆய்வு இன்றி.' உன்னப் பத்தி நீயே நல்லா எழுதியிருக்க," என்றாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "நாளைக்கு நீயே கொண்டுபோய்க் குடு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒரு வாரமா என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டிருக்கியேப்பா," என்றார் அத்தான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க அக்காகிட்ட சொல்லிருவீங்க."

"சொல்லிருப்பேன்தான்," என்று ஒப்புக்கொண்டார். "அப்பவே முடிஞ்சிருக்கும் இல்ல?"

மறுநாள் காலை ஏழு இருபத்தைந்து டிரிப்பில் தம்பி ஏறினான். அக்கா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பயண அட்டையைத் தட்ட மறந்து நின்றவனிடம், "டிக்கெட் எடுத்துட்டு உள்ள போங்க," என்றாள். அந்த 'ங்க' அவனைச் சுருக்கென்று குத்தியது. பிறந்ததிலிருந்து அவள் வாயில் அவனுக்கு மரியாதை கிடைத்ததே இல்லை.

பெயிண்ட் கடையில் சிவப்பு. பேருந்துக்குள்ளிருந்து பார்க்கிற இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. முன்னால் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பின்னிருக்கையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு செல்பேசியில் மணியைப் பார்த்தார், பிறகு பக்கத்திலிருந்தவரிடம் மணி கேட்டார். பச்சை விழுந்தது; பேருந்து கிளம்பி ஓடியது; ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கதவு திறந்தது. தம்பி இறங்கித் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னபடியே இறங்குவழியில் பச்சை. முதல் வண்டிகள் வந்து பேருந்தின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றன. பக்கத்துத் தடத்துக்கு மாறப் பார்த்தவன் இன்னொருவனோடு மூக்கை உரசிக்கொண்டு நின்றான். சக்கர நாற்காலியில் ஒருவர் இறங்கினார். பேருந்தின் சரிவுப்பலகை நீண்டு, மடங்கி, உள்ளே போனது. முப்பத்தெட்டு விநாடி. அவன் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த பதினெட்டும் அதில் கரைந்துபோனது.

மேடம் புகாரை இரண்டு முறை படித்தார்.

"இது யாரு?"

"என் அக்கா."

"எழுதினது?"

"நான்தான். அவங்க சொல்லச் சொல்ல."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க திட்டத்து மேல உங்க அக்கா குடுக்குற புகார, நீங்களே எழுதி, நீங்களே கொண்டுவந்து குடுக்கிறீங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இத நான் பாத்ததில்ல." பிறகு முகம் மாறியது. "அவங்க ரூட்டுன்னு முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அவங்ககிட்ட கேக்கல?"

 மேடம் புகாரை ஒரு வரிகூட மாற்றாமல் கோப்பில் சேர்க்கச் சொன்னார். நிறுத்தத்தைத் தள்ளி வைக்கலாமா என்று பார்த்தார்கள். அதற்கு ஐந்து அலுவலகங்களின் கையெழுத்து வேண்டும், மழைக்காலம் வந்து போய்விடும். அதையும் எழுதிப் போட்டுவிட்டு, தம்பி வேறு வழி சொன்னான். பேருந்து எங்கே வருகிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்கு ஏற்கெனவே தெரியும். பெயிண்ட் கடையில் பேருந்து நின்றால் அந்தச் சிக்னலைப் பதினைந்து விநாடி முன்னதாகத் திறந்துவிட வேண்டும். அது போய், ஆட்களை இறக்கி ஏற்றி நகர்ந்த பிறகு இறங்குவழிக்குப் பச்சை. பேருந்து நிறுத்தத்திலேயே தங்கிவிட்டால் இறங்குவழியின் பச்சையை அதிகபட்சம் எட்டு விநாடி தள்ளலாம். தள்ளியதைப் பின்னால் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

"எட்டுதான். அதுக்கு மேல போனா விரைவுச்சாலையில வர்றவன் உயிரோட விளையாடுற மாதிரி," என்றார் மேடம். "பதினாலாம் நாள் காலையில நானே வர்றேன்."

அந்த ஐந்து நாளும் அக்கா அவனோடு பேசவில்லை. பதினேழாம் எண் வண்டிகள் எந்த டிரிப்பில் எவ்வளவு நேரம் நிறுத்தத்தில் நிற்கும் என்ற கணக்கு அவனுக்குத் தேவைப்பட்டது. கேட்கத் துணிவில்லாமல் அத்தானைத் தூதுவிட்டான். அத்தான் தன் பட்டறைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வாங்கி வந்தார்: ஏழு இருபத்தைந்துக்கு முப்பத்தைந்து விநாடி, ஏழு நாற்பதுக்கு இருபது, எட்டு பத்துக்கு ஐம்பது, செவ்வாய் வியாழனில் இன்னும் பத்து, அன்று சர்க்கரை நோய்ப் பிரிவு உண்டு. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் அவன் நேரங்களை மாற்றினான். அப்படியொரு கணக்கு அவன் அலுவலகத்தில் எந்தக் கணினியிலும் இல்லை.

பதினாலாம் நாள் வியாழன். விடிந்ததிலிருந்து மழை.

சந்திப்பின் ஓரத்திலிருந்த சிக்னல் பெட்டியைத் திறந்து வைத்து, மழைக்கோட்டோடு அதற்கு முன்னால் நின்றான் தம்பி. காதில் செல்பேசி, மறுமுனையில் கட்டுப்பாட்டு அறைச் சகா. மேடம் குடையோடு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றார். ஏழு இருபத்தைந்து நன்றாகப் போனது, இறங்குவழியில் இருபத்தொரு வண்டி. ஏழு நாற்பது சுமார்தான். ஒரு டாக்சி நடுவில் நின்று தொல்லை கொடுத்தது. மழை வலுத்தது. மழை வலுத்தால் வண்டிகள் நத்தையாகும், வரிசை பாம்பாகும்.

எட்டு பத்துக்கு அக்காவின் பேருந்து பெயிண்ட் கடையில் சிறிதே நின்று, முன்னதாகத் திறந்த பச்சையில் தனியாகக் கிளம்பி வந்தது. சந்திப்பைத் தாண்டி நிறுத்தத்தில் ஒதுங்கியது. இதுவரை எல்லாம் கணக்குப்படி.

"மூணாவதத் தொட்டுடுச்சு," என்றான் சகா காதில். "மேல வால் நீளுது. பச்சை எப்போ?"

"பஸ் இன்னும் நிக்குது."

அறுபது விநாடி ஆகிவிட்டது. குடைகளை மடக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள், ஈரப்படியில் பார்த்துப் பார்த்து இறங்குகிறவர்கள். சக்கர நாற்காலிக்காரர் கதவருகே வந்துகொண்டிருந்தார். எட்டு விநாடித் தள்ளுதல் ஓடத் தொடங்கியது. தானியங்கி அதோடு நின்றுவிடும். அதற்கு மேல் பிடிக்க வேண்டுமானால் பெட்டிக்குள் இருக்கும் பொத்தானைக் கையால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

"ரெண்டு லாரி வேகமா வருது," என்றான் சகா. "குடுத்துடு! பச்சையக் குடுத்துடு!"

கொடுக்கலாம். கொடுத்தால் ஏழு வண்டி நகரும், மற்றவை பேருந்தின் பின்னால் முட்டிக்கொள்ளும், வால் அப்படியே நிற்கும். கொடுக்காவிட்டால் இன்னும் சில விநாடி வால் நீளும். எது சரி என்று தாளில் போட்டுப் பார்த்தால் சொல்லிவிடலாம். மழையில் நின்றுகொண்டு, மேலே வெள்ளை விரிப்புகள் பறப்பதுபோல் கண்ணுக்குள் தோன்றும்போது சொல்ல முடியவில்லை. கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தான்.

அப்போது பேருந்தின் ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. ஐந்து விரலும் விரிந்திருந்தன. பக்கக் கண்ணாடியில் அக்காவின் முகம், அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு விரல். மூன்று.

அவன் பொத்தானை அழுத்திப் பிடித்தான். "என்னடா பண்ற?" என்று காதில் சகா கத்தினான். இரண்டு. சரிவுப்பலகை உள்ளே போனது. ஒன்று. கதவு மூடிக்கொண்டது, கை உள்ளே போனது, பக்கவிளக்கு மினுங்க, பேருந்து சாலையில் ஏறி நகர்ந்தது.

விரலை எடுத்தான். இறங்குவழிக்குப் பச்சை விழுந்தது. முன்னால் சாலை திறந்து கிடந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து... தண்ணீரை வாரியடித்துக்கொண்டு இருபத்தாறு வண்டிகள் இறங்கின. அவன் அதுவரை அவ்வளவு எண்ணியதில்லை.

"லாரிங்க?" என்று கேட்டான். 

"நின்னுட்டாங்க. வேகம் கொறைச்சு ஒழுங்கா நின்னுட்டாங்க. மூணாவது சென்சார் காலி."

மேடம் குடையோடு வந்தார். "எட்டுன்னு சொன்னேன்," என்றார். "பதினாலு பிடிச்சீங்க."

"ஆமா மேடம்."

"ரிப்போர்ட்ல எழுதுங்க." போய்விட்டார்.

எழுதினான். சோதனை நீட்டிக்கப்பட்டது; பிறகு நிரந்தரமானது. அதன்பின் வந்த ஒரு மாதத்தில் வரிசை இரண்டே நாள்தான் விரைவுச்சாலையைத் தொட்டது. பெயிண்ட் கடையை ஒட்டிய குறுக்குத்தெருக்காரர்கள் முன்பைவிடக் கூடுதல் நேரம் நிற்க நேர்ந்தது. அவர்களிடமிருந்தும் புகார் வந்தது, அது நியாயம்தான். அக்காவின் மெமோவை டிப்போ திரும்பப் பெறவில்லை. கால அட்டவணையை மட்டும் மூன்று நிமிடம் தளர்த்தினார்கள். அடுத்த பணிச் சுழற்சியில் அவளுக்கு வேறு ரூட் விழுந்தது, அதற்கும் சிக்னலுக்கும் சம்பந்தமில்லை.

அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது: குறை கண்டறியப்படத் தாமதமான காரணம். தம்பி அதில், 'பேருந்து ஓட்டுநரைக் கேட்கவில்லை' என்று எழுதினான். கேமராவின் மறைவுப் பகுதி என்று மாற்றி எழுதலாமே என்றார் மேடம். அவன் மாற்றவில்லை.

மழை நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"மொத எட்டு நாள்ல, அந்த மேல இருக்குற சென்சார எத்தன தடவ தொட்டுச்சு?"

"நாலு தடவ."

"எவனாவது வந்து மோதியிருந்தா?"

அவன் அதைத்தான் ஒவ்வொரு இரவும் நினைத்துக்கொண்டிருந்தான்.

"திட்டுவேன்னு பயந்தியா? திட்டியிருப்பேன்தான். அதுக்காக மொத நாளே அந்த ஸ்டாப்பப் பத்தி சொல்லாம விட்டிருப்பேனாடா? திட்டிக்கிட்டே சொல்லியிருப்பேன்." ஒரு சட்டையை அவன் மடியில் போட்டாள். "மடி. சும்மா உக்காந்து கால ஆட்டாத."

'டா' திரும்பி வந்துவிட்டது. அவன் சட்டையை மடித்தான், கோணலாக. அவள் அதைப் பிடுங்கி மறுபடி மடித்தாள்.

இப்போது செவ்வாய்தோறும் மதியம் அவன் டிப்போவுக்குப் போகிறான். ஓட்டுநர்கள் ஓய்வறையில், ஸ்பிரிங் போன சோபாவின் ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக உட்காருகிறான். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் திறந்தவர்கள் மூடவில்லை. காபி இயந்திரம் சரியில்லை, இருக்கை முதுகை ஒடிக்கிறது, மேற்பார்வையாளருக்குக் காது கேட்காது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். போன செவ்வாய் பதினாலு குறைகளில் இரண்டுதான் சிக்னலைப் பற்றியவை. அதில் ஒன்று நூலகச் சந்திப்பு. அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தது. தன் வேலையிலேயே ஆகச் சிறந்தது என்று இத்தனை நாள் அவன் நினைத்துக்கொண்டிருந்தது.

"அதுல என்ன குறை?" என்றான், கொஞ்சம் உரக்கவே.

"சொன்னா புரியாது சார்," என்றார் ஆறாம் எண் ஓட்டுநர், சாவியை எடுத்தபடி. "நாலு மணி டிரிப் கெளம்பப் போறேன். வர்றீங்களா?"

தம்பி நோட்டை மூடிவிட்டு அவர் பின்னால் நடந்தான்.